வல்லநாட்டு மலையிலிருந்து வராத வெளிச்சம்

என் பிள்ளைகள் பாத்திமாவுக்கும் செய்யதுக்கும்,

நேற்றுச் சாயங்காலம் மாடியில் காய்ந்த வற்றலை அள்ளப் போன இடத்தில் நீங்கள் இருவரும் சண்டை போட்டீர்கள். காலையில் பார்த்தால் மேற்கு மலையில் மரம், பாறை, ஓடை எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது, சாயங்காலம் பார்த்தால் அதே மலை சாம்பல் நிறத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நிற்கிறது, அது ஏன் என்று செய்யது கேட்டான். மாடு திரும்புகிற புழுதி என்றாள் பாத்திமா. காலையில் அதே மாடு போகும்போதும் புழுதி கிளம்பத்தானே செய்கிறது என்று அவன் மடக்கினான். இருவரும் என்னைப் பார்த்தீர்கள். நான் வற்றல் தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். "வாப்பாவுக்கே தெரியல" என்று செய்யது சொன்னது படியில் இறங்கும்போது காதில் விழுந்தது.

தெரியும். சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும் என்றுதான் சொல்லவில்லை. இந்த ஒரு கேள்வியால் ஒரு மனிதர் தம்முடைய வேலையையும் பேரையும் இழக்க இருந்தார். அதற்குப் பாதிக் காரணம் உங்கள் வாப்பா. ஆகவே எழுதியே வைக்கிறேன். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு வாசியுங்கள்.

மேலப்பாளையத்தில் நம் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணை நம்பித்தான் சர்வே கூட்டத்தார் என்னைக் கலாசியாக எடுத்தார்கள். கலாசி என்றால் கருவிப் பெட்டி சுமப்பவன், கூடாரம் அடிப்பவன், மலை மேல் கொடி நடுபவன். நிலத்தை அளப்பது சங்கிலியால் மட்டும் நடப்பதில்லை. உயரமான இடங்களைப் பிடித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தியோடலைட் என்னும் கருவியின் தூரக்கண்ணாடி வழியே பார்த்துக் கோணம் எடுப்பார்கள். அப்படி எடுத்தால் இடையில் கிடக்கும் ஊர்களும் குளங்களும் ஒவ்வொன்றாகக் கணக்குக்குள் வந்துவிடும். பத்து வருஷம் பெட்டி சுமந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, தோள் காய்த்துப் போனதைத் தவிர.

அதன் பிறகு சர்வேயர் சங்கரலிங்கம் பிள்ளையின் கீழ் வந்தேன். ஒல்லியான மனிதர். கருவி பெட்டிக்குள் போகும்வரை உட்கார மாட்டார். பழைய வேட்டியை ஏழெட்டுத் தடவை துவைத்து மெத்தென்று ஆக்கிய துணியால்தான் அதன் கண்ணாடியைத் துடைப்பார், அதையும் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். நல்லது, கெட்டது என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான். எவ்வளவு?

திசையன்விளைப் பக்கம் செம்மண் காட்டில் வேலை நடந்தபோது முதல் தடவை அதில் மாட்டிக்கொண்டேன். ஆடிக் காற்று. மண் எழும்பி வானமே செங்கல் நிறமாகிவிட்டது.

"அய்யா, தூசி சாஸ்தி. கொடி தெரியல" என்றேன்.

"எவ்வளவு சாஸ்தி?"

"ரொம்ப சாஸ்தி அய்யா."

"ரொம்பன்னா எத்தனை மைலுலே?"

அன்று மாலை பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் போட்டார். முகாமிலிருந்து தூரம் தெரிந்த பொருள்களாகப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மைலில் ஓர் ஒற்றைப் பனை, மூன்று மைலில் ஒரு கோயில், ஆறு மைலில் ஒரு மேடு என்று. தினம் காலையும் மாலையும் எது வரைக்கும் தெரிகிறது, காற்று எந்தப் பக்கம், எங்கே என்ன புகைகிறது என்று எழுத வேண்டும். வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் அது எனக்கு வெற்றிலைப் பழக்கம் மாதிரி ஒட்டிக்கொண்டது. எழுதாவிட்டால் அன்றைய பொழுது முடிந்ததாகவே தோன்றாது.

மறு வருஷம் முகாம் ஆற்றோரமாகச் சேரன்மாதேவிக்கு வந்தது. கொல்லத்துக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த சமயம். பாலங்களுக்குச் செங்கல் வேண்டும் என்று தாமிரபரணிக் கரை நெடுகச் சூளைகள் முளைத்திருந்தன. விடியற்காலையில் மேட்டில் ஏறி நின்றால் வரிசையாகப் புகைத் தூண்கள் நிற்கும். வெயில் ஏறினால் தூணெல்லாம் சரிந்து ஒன்றாகப் படுத்துவிடும். பத்தமடைக் குளத்தங்கரை ஆலமரம் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது.

"சூளைப் புகை மறைக்குது அய்யா" என்றேன்.

"எவ்வளவுன்னு கேட்டா நீ ஆகாசத்தைக் காட்டுவ. புகையக் கையில பிடிச்சுக் காட்டு பாப்பம்" என்றார் பிள்ளை.

கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அது மண்டைக்குள் புகுந்துகொண்டது. உடைந்த லாந்தர்களின் தட்டைக் கண்ணாடிகளை ஒரே அளவில் எட்டாக வெட்டினேன். ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் ஒவ்வொன்றையும் ஒரே எண்ணிக்கை எண்ணும்வரை பிடித்துக் கரி ஏற்றினேன். கூடாரத்தை மூடி உள்ளே இரண்டு விளக்கு வைத்தேன். ஒன்றில் ஒரே திரி. அதை வெறுங்கண்ணால் பார்ப்பது. மற்றதைக் கரிக்கண்ணாடி வழியாகப் பார்த்து, இரண்டும் ஒரே பிரகாசமாகத் தோன்றும்வரை திரியைக் கூட்டிக்கொண்டே போவது.

ஒரு கண்ணாடிக்கு இரண்டு திரி வேண்டியிருந்தது. இரண்டு கண்ணாடிக்கு மூன்று திரி போதும் என்று நினைத்தேன். நான்கு வேண்டியிருந்தது. சரி, மூன்றுக்கு ஆறு என்று வைத்தேன். போதவில்லை. ஏழு வைத்தேன். எட்டில்தான் சரிக்குச் சரி வந்தது. ஓடிப்போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்தேன். அவர் என்னை வெளியே நிறுத்திவிட்டுத் தாமே திரியை எண்ணிப் பார்த்தார்.

"எட்டா?"

"எட்டு அய்யா."

"அப்ப இது கழிக்கல லே. பங்கு போடுது."

பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுப் பாடிய அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் என் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு கண்ணாடியும் தன்னிடம் வந்ததில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் அடுத்ததற்குத் தள்ளுகிறது. என் நோட்டுக் கணக்கையும் இதையும் சேர்த்துப் பார்த்தேன். சூளைகள் எல்லாம் புகைகிற நாளில் பள்ளத்தாக்கின் ஐந்து மைல் காற்று என் ஒரு கண்ணாடிக்குச் சமம் என்று வந்தது. அதன் பிறகு விடியும்போது புகைத் தூண்களை எண்ணி, காற்றைப் பார்த்து, இன்றைக்கு எது வரை தெரியும் என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தேன். பெரும்பாலான நாள் சொன்னபடியே இருந்தது. கலாசிகள் என்னை ஜோசியர் என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தலைக்கனம் வரத்தான் செய்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

இனி சூசை அண்ணாச்சி. உவரிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கட்டுமரத்தில் தோள் எலும்பு முறிந்து, துடுப்புப் போட முடியாமல் போனதால் சர்வேக்கு வந்தவர். அவர் வேலை வெயில்கண்ணாடி பிடிப்பது. தூரத்து மலையில் கொடி நட்டால் தெரியாது அல்லவா? அதனால் அங்கே ஒருவர் கண்ணாடி வைத்துச் சூரிய வெளிச்சத்தை நம் பக்கம் திருப்பிவிடுவார். நம் கருவியில் அது நட்சத்திரம் மாதிரி தெரியும். பிடிப்பது லேசான காரியம் இல்லை. கண்ணாடியின் நடுவே ரசம் சுரண்டிய ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டின் நிழல் எதிரே நட்ட குச்சியின் குறியில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். சூரியன் நகர நகரத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் இரண்டு கண்ணாடி வேண்டும். ஒன்று வாங்கி மற்றதற்குக் கொடுக்கும். அந்தக் கைமாற்றில் வெளிச்சம் கொஞ்சம் குறையும்.

அந்தப் பங்குனியில் எங்களுக்கு ஒரு நீளமான கோடு வந்தது. மேற்கே பாபநாசத்துக்கு அருகில் ஒரு மலைத் தோளில் பிள்ளையும் நானும் கருவியோடு. கிழக்கே, முப்பது மைலுக்கும் அப்பால், வல்லநாட்டு மலையில் சூசை அண்ணாச்சி கண்ணாடியோடு. அதுவரை எங்கள் கோடுகள் பெரும்பாலும் தெற்கு வடக்காகத்தான் ஓடின. இது நேர் கிழக்கு மேற்கு. மதியத்துக்கு மேல் எங்கள் மலையில் மேகம் வந்து உட்கார்ந்துவிடும் என்பதால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் பார்த்தாக வேண்டும்.

அவருக்கு அப்போது லீவு தேவைப்பட்டது. வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, அது ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரம். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்டார். "கோடு முடியட்டும் வே" என்று சொல்லிவிட்டார் பிள்ளை. அண்ணாச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை பிள்ளை என்னைக் கேட்டார். "இன்னைக்கு எவ்வளவு?"

முப்பது மைலுக்கு மேல் என்றால் கிட்டத்தட்ட ஏழு கண்ணாடி. முதல் நாளே அதைச் சோதித்துப் பார்த்திருந்தேன். பொட்டலில் ஒருவனைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லி, ஏழு கரிக்கண்ணாடியை அடுக்கி அதன் வழியாகப் பார்த்தேன். சூரிய வெளிச்சம் ஏழையும் தாண்டி ஊசி மாதிரி கண்ணில் குத்தியது.

"மத்தது ஒண்ணும் தெரியாது அய்யா. அண்ணாச்சி வெளிச்சம் மட்டும் கட்டாயம் தெரியும்" என்றேன்.

தெரியவில்லை. கிழக்கே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெண்மை. வெள்ளிக்கிழமையும் அப்படியே. எங்கள் பக்கத்திலும் ஒரு கண்ணாடி உண்டு, பழைய கணக்குப்படி திசை பார்த்து அதற்குக் குறிக்குச்சியும் நட்டிருந்தோம். ஆனால் எதிர்வெளிச்சம் கண்ட பிறகுதான் அதைத் திறக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே அதுவும் மூடியே கிடந்தது. சனிக்கிழமை ஒன்பது மணி ஆனதும் பிள்ளை கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"வியாழன், வெள்ளி, சனி. மூணும் சரியா இருக்கே லே" என்றார்.

ஆள் அனுப்பி அழைத்ததில் அண்ணாச்சி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார். தாடி வளர்ந்து, உதடு வெடித்து இருந்தது.

"உவரியில பூசையெல்லாம் எப்படி இருந்துச்சு வே?" என்று கேட்டார் பிள்ளை.

"போனவன்கிட்டதான் கேக்கணும் அய்யா. நான் மலையில கெடந்தேன்."

"வெளிச்சம் குடுத்தீரா?"

"மூணு நாளும் குடுத்தேன். பொட்டு குறிய விட்டு விலகல."

"எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே."

"அதான் எனக்கும் விளங்கல. எனக்கு உங்க மலை நல்லாத் தெரிஞ்சுதே. மடிப்பு மடிப்பாத் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெக்க வெள்ளையா ஒரு பாறை இருக்குல்லா, அதுகூடத் தெரிஞ்சுது."

அந்த ஒரு பேச்சுதான் அவரைக் கவிழ்த்தது. பிள்ளை என் பக்கம் திரும்பி, "மைதீனு, அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வா" என்றார். ஏழையும் அடுக்கித் தமக்கும் அண்ணாச்சிக்கும் நடுவே பிடித்தார்.

"நான் இங்கன இருந்து உம்மப் பாக்கேன். நீரு அங்கன இருந்து என்னப் பாரும். ரெண்டு பேருக்கும் ஒரே இருட்டுதானே?"

"ஆமா அய்யா."

"எனக்குக் கிழக்க ஒரு மைலு தெரியல. அதே காத்து வழியா உமக்கு முப்பது மைலுக்கு அங்கிட்டு இருக்கற பாறை தெரிஞ்சுதோ? மலையில இல்லாத ஆளுதான் வே இப்படிச் சொல்லுவான். இருந்தவன் எனக்கும் தெரியலன்னு சொல்லியிருப்பான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவற்றைச் செய்தவன் நான்.

பிள்ளை கடிதம் எழுதினார். அண்ணாச்சி இடத்தை விட்டு ஓடியவர், பொய் சொன்னவர் என்று. பத்து நாளில் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை முகாமுக்கு வருவார், அவர் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு எந்தச் சர்க்கார் வேலையும் கிடைக்காது. முறிந்த தோளோடு கடலுக்கும் திரும்ப முடியாது.

அன்று மாலை ஓடையில் அண்ணாச்சி முகம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ செஞ்ச கண்ணாடி நல்ல கண்ணாடிதான் தம்பி" என்றார். "என்ன, அது கடலுக்குப் போனதில்ல."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீய?"

"விடியக்காலம் மீனோட கரைக்குத் திரும்புவோம். சூரியன் முதுகுல இருக்கும். கரையில நிக்கிற பனையை எண்ணலாம். கிட்ட வந்தா பொம்பளையளோட சேலை நிறத்தைச் சொல்லலாம். அவளுவளுக்கு எங்களத் தெரியாது. கண்ணுக்கு மேல கைய வச்சுக்கிட்டு, இன்னும் வரலையேன்னு அழுதுக்கிட்டு நிப்பாளுவ. நாங்க அதையும் பாத்துக்கிட்டேதான் வருவோம்."

"அது கடலு. ஈரக்காத்து. புகை வேறல்லா?"

"வேறயா? எனக்குத் தெரியாது. நீதான் ஜோசியரு."

இரவெல்லாம் புரண்டு படுத்தேன் என்று எழுதலாம். உண்மையில் நன்றாகத் தூங்கிவிட்டேன். காலையில் சமையல் கொட்டகையைக் கடக்கும்போதுதான் கால் நின்றது. கிழக்குக் கீற்றில் ஒரு பொத்தல். அதன் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழுந்து அடுப்புப் புகையை வெட்டிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பொத்தல் எதிரே. புகை பஞ்சு மாதிரி வெளுத்து, பின்னால் இருந்த பானையே தெரியவில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், பொத்தலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அதே புகை மெல்லிசாக நீலம் பாரித்துக் கிடந்தது. அந்தப் பக்கத்துப் பானை, அகப்பை, சுவரில் தொங்கிய முறம் எல்லாம் தெரிந்தன. திரும்ப இந்தப் பக்கம் வந்தேன். திரும்ப அந்தப் பக்கம் போனேன்.

சமையல்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வே, அடுப்பப் பிரதட்சிணம் பண்ணுதீரு? வெந்ததும் நானே கூப்பிடுதேன்" என்றார்.

அவரிடமே ஒரு கை விறகுச் சாம்பல் வாங்கினேன். ஒரு கண்ணாடியைக் கழுவி, ஈரம் காயும்முன் சாம்பலை ஊதி ஒட்டவைத்தேன். வெளியே போய்ச் சூரியனை நோக்கிப் பிடித்தேன். எதிரே நின்ற உடைமரம் காணாமல் போய்விட்டது. கண்ணாடி முழுக்க வெள்ளை. அப்படியே திரும்பி, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே பிடித்தேன். அந்தப் பக்கத்து உடைமரம் முள்ளோடு தெரிந்தது. கண்ணாடி ஒன்றுதான். சாம்பலும் அதேதான்.

அப்போதுதான் என் தப்பு எனக்குப் பிடிபட்டது. கையெட்டும் தூரத்தில் விளக்கு இருந்ததால் விளக்குக் கரியைப் பிடித்து, இதுதான் புகை என்று நம்பிவிட்டேன். கரி, வெளிச்சத்தைத் தின்கிறது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தின்றது தின்றதுதான். சூளைப் புகை அப்படி இல்லை. தின்பது கொஞ்சம். மீதியை வாங்கி இறைக்கிறது, அதுவும் வெயில் போகும் திசையிலேயே அதிகமாக இறைக்கிறது. ஆகவே சூரியனைப் பார்த்து நிற்பவன் கண்ணில் அந்த இறைத்த வெளிச்சம் வந்து விழுந்து, பின்னால் இருப்பதை மூடிவிடுகிறது. சூரியனுக்கு முதுகைக் காட்டுகிறவனுக்கு அந்தத் தொல்லை குறைவு. செய்யது, உன் கேள்விக்குப் பதில் இதுதான். மலை மேற்கே இருக்கிறது. காலையில் நம் முதுகில் வெயில், சாயங்காலம் நம் முகத்தில் வெயில்.

சாம்பல் கண்ணாடியைப் பிள்ளையிடம் கொண்டுபோனேன். சூரியனைப் பார்த்து ஒரு தடவை, திரும்பி நின்று ஒரு தடவை, மறுபடி மறுபடி என்று வெகுநேரம் பார்த்தார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியையே கேட்டார்.

"எவ்வளவு?"

"தெரியாது அய்யா."

அவரிடம் அப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை.

"தெரியாததை வச்சு ஒரு ஆளை அனுப்பவும் முடியாது, வச்சுக்கவும் முடியாது" என்றார். கடிதத்தை எடுத்துக் கருவிப் பெட்டிக்கு அடியில் வைத்தார். அண்ணாச்சியைக் கூப்பிட்டார். "மறுபடி வல்லநாட்டுக்குப் போம். ஞாயித்துக்கிழமை காலையில வெளிச்சம் குடும். குடுத்துக்கிட்டே எங்க மலையப் பாத்துக்கிட்டு இரும். நான் சட்டத்தை மீறி எங்க கண்ணாடியத் திறந்து மூடுவேன். எத்தனை தடவைன்னு உமக்குச் சொல்ல மாட்டேன். வந்து நீரு எனக்குச் சொல்லணும். சரியாச் சொன்னா நீரு மலையில இருந்தீருன்னும் அர்த்தம், உமக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலன்னும் அர்த்தம்."

"எனக்கு எழுதத் தெரியாதே அய்யா."

"எப்படியாவது குறிச்சுக்கிட்டு வாரும்."

துரை வருவதற்குள் அந்த ஒரு ஞாயிறுதான் இருந்தது.

அன்று பிள்ளை கருவியில் கண்ணை வைத்தபடி, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் கண்ணாடி மூடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். "திற" என்றால் திறந்து, "மூடு" என்றால் மூட வேண்டும். மூன்று தடவை. பிறகு வெகுநேரம் சும்மா. பிறகு ஒன்று. பிறகு நான்கு. இப்படி ஒவ்வொரு தொகுதியும் ஒரு கட்டு. தம் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நான்காவது கட்டில் இரண்டு தடவை திறந்து மூடி முடித்த நேரத்தில் மலைக்காற்று ஒரு வீச்சு வீசியது. மூடி என் கையிலிருந்து நழுவித் திறந்துகொண்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பிடித்து மூடிவிட்டேன். பிள்ளை திரும்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கடைசிக் கட்டு ஐந்து.

கிழக்கே அன்றும் வெறும் வெண்மைதான். "ஒண்ணும் தெரியல" என்றார் பிள்ளை.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி வந்தார். மடியிலிருந்து ஒரு தூண்டில் நூலை எடுத்துப் பெட்டி மேல் வைத்தார். நூலில் முடிச்சுகள். கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பிள்ளை தம் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, விரலால் தடவித் தடவி எண்ணினார்.

"மூணு. சரி. ஒண்ணு. சரி. நாலு. சரி. மூணு."

விரல் நின்றது.

"நான் ரெண்டுன்னுல்லா எழுதியிருக்கேன்."

"மூணுதான் அய்யா" என்றார் அண்ணாச்சி.

"ரெண்டு வே. நான் சொல்லச் சொல்லத்தானே இவன் திறந்தான். மீதியெல்லாம் குத்துமதிப்பா முடிஞ்சு, தற்செயலாச் சரியா வந்துருச்சோ?"

"மூணாவது ரொம்பச் சின்னது அய்யா. கண்ணு சிமிட்டுத மாதிரி. அதான் முடிச்சையும் சின்னதாப் போட்டேன். பாருங்க."

பிள்ளை குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நான்காவது கட்டின் கடைசி முடிச்சு மற்றவற்றில் பாதிகூட இல்லை. கடுகு மாதிரி இருந்தது.

அது பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நடந்தது. உலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"அய்யா, அது நான்" என்றேன். "காத்துல மூடி கையை விட்டு நழுவிருச்சு. உடனே மூடிட்டேன். நீங்க வையுவீகன்னு சொல்லல."

பிள்ளை என்னைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். கடைசிக் கட்டையும் எண்ணினார். ஐந்து. பிறகு பெட்டிக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்தார். கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். சர்க்கார் காகிதத்தை அவர் கிழிக்க மாட்டார். கையெழுத்தாகாத அந்தத் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்துத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். கருவியை வல்லநாட்டுக்குக் கொண்டுபோவது, வெளிச்சத்தை இங்கிருந்து கொடுப்பது, வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு கோணம் எடுப்பது, இந்தப் பக்கத்துக் கோணத்தை மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்வது என்று. நடுவில் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"சூசை, உமக்கு எத்தனை நாள் லீவு வேணும்?"

"பெரிய வாரந்தான் முடிஞ்சு போச்சே அய்யா."

"அடுத்த வருசத்துக்குக் கேக்கேன்."

"அது எப்ப வரும்னு சாமியாரு சொன்னாத்தான் தெரியும்."

"கேட்டு வந்து சொல்லும். இப்பவே எழுதி வச்சுருதேன்."

என்னை அவர் வையவில்லை. சாம்பல் கண்ணாடிக்கு எத்தனை திரி என்று கண்டுபிடி என்று மட்டும் சொன்னார். வேலையை விட்டு இறங்கும்வரை முயன்று பார்த்தேன். விளக்கை எங்கே வைக்கிறோம், எங்கே நின்று பார்க்கிறோம் என்பதற்குத் தக்கபடி திரிக்கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. கரிக்கு வந்த மாதிரி ஒரே வாய்ப்பாடு இதற்கு வரவில்லை. என் நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. உங்களில் யாருக்காவது வந்தால் சந்தோஷம்.

மறு வாரம் பிள்ளையும் அண்ணாச்சியும் கருவியோடு வல்லநாட்டு மலைக்குப் போனார்கள். நான் மேற்கு மலைத் தோளில் தனியே, கண்ணாடியோடு. போகும்போது பிள்ளை சொன்னார், "நாங்க காட்டுத சைகை உனக்குத் தெரியாது லே. எதிர்பாக்காத. ஏழுல இருந்து ஒம்போது வரைக்கும் குடு. அதுக்கு மேல கருவி பெட்டிக்குள்ள போயிரும்."

மூன்று காலை கொடுத்தேன். பொட்டைக் குறியில் நிறுத்தித் திருகிக்கொண்டே எதிரே பார்ப்பேன். மலை இல்லை, வானம் இல்லை, ஆள் இல்லை. வெள்ளைச் சுவர். அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார், அவருக்கு நான் தெரிகிறேன் என்று நம்பிக்கொண்டு கையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட வேலை என்று அந்த மூன்று நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் ஒன்பது மணி ஆனதும் மூடியை மூடினேன். கருவி பெட்டிக்குள் போயிருக்கும், பிள்ளை உட்கார்ந்திருப்பார் என்று தோன்றும்வரை காத்திருந்தேன். அண்ணாச்சி உட்கார்ந்திருக்க மாட்டார், என் மலையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார். பிறகு பொட்டை மறுபடி குறிக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, எந்த உத்தரவிலும் இல்லாத ஒரு வெளிச்சத்தை அந்த வெண்மைக்குள் கொடுத்தேன். கொஞ்சம் நீளமாகவே கொடுத்தேன். மூடிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.